கருப்பட்டி வண்டி வந்த வழி

வத்திராயிருப்பு

மெல்போர்னிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த சித்தப்பா மகன், ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் பக்கம் போய் எடுத்த படங்களைக் கைபேசியில் ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டிக்கொண்டிருந்தான். கண்ணுக்கெட்டிய தூரம் சிவப்பு மணல். இங்கொன்றும் அங்கொன்றுமாக முள்செடி. மேலே துடைத்துவைத்த நீலம். வீட்டில் எல்லோரும் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தபோது பெரியப்பா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்தார். "இது நம்ம அய்யனார் கோயில் மண்ணுல்ல? இதுக்கா இவ்வளவு காசைக் கொட்டிப் போன?" என்றார்.

தம்பிக்கு முகம் விழுந்துவிட்டது. ஆனால் பெரியப்பா சொன்னதில் நியாயம் இருந்தது. எங்கள் குலதெய்வம் திருச்செந்தூருக்கு மேற்கே, தேரிக்காடு என்கிற செம்மணல் மேட்டில் இருக்கிறது. பங்குனி உத்திரத்துக்கு வேன் பிடித்துக் குடும்பத்தோடு போவோம், பொங்கல் வைப்போம், மொட்டை போட வேண்டிய பிள்ளைகளுக்குப் போடுவோம், பொழுது சாய்வதற்குள் வண்டியேறிவிடுவோம். அந்த மணலில் பாய் விரித்துச் சாப்பிட்டிருக்கிறோமே தவிர, மணலை யாரும் பார்த்ததில்லை. இந்தத் தடவை சாமி கும்பிடுவதற்கு அல்ல, மணலைப் பார்க்கவே போவது என்று நானும் தம்பியும் மாப்பிள்ளையும் பேசி முடித்தோம். மாதம் ஆனி. "ஆனியில காத்து ஆளத் தூக்கிரும்" என்று பெரியப்பா எச்சரித்தார். அந்தக் காற்றுக்காகத்தான் ஆனியைத் தேர்ந்தெடுத்தது.

வத்திராயிருப்புக்காரன் பாலைவனம் பார்க்கப் புறப்படுவதில் ஒரு வேடிக்கை உண்டு. எங்களுக்கு மேற்கே சுவர்போல மலை நிற்கிறது. பிளவக்கல்லில் பெரியாறு, கோவிலாறு என்று இரண்டு அணைகள். தாணிப்பாறை வழியே சதுரகிரிக்கு ஏறுகிற கூட்டம் அமாவாசை, பௌர்ணமிக்கு ஊரை நிறைக்கும். 2021இல் இந்த மலைத்தொடர் ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம் ஆனது. தென்னந்தோப்பு, மாந்தோப்பு, வயல் என்று வளர்ந்த எங்களுக்கு வறட்சி என்றால் கண்மாய்த் தண்ணீர் ஒரு போகத்தோடு நின்றுபோகிற வருஷம், அவ்வளவுதான். ஆனி மாதத்தில் மலை முகட்டில் மேகம் உட்கார்ந்திருக்கும். அந்தப் பக்கம் கேரளாவில் கொட்டும். இந்தப் பக்கம் எங்களுக்குக் காற்றும், நாள் நன்றாக இருந்தால் ஒரு தூறலும்.

மாப்பிள்ளை வண்டியில் முதலில் ஏற்றியது இரண்டு தண்ணீர் கேன்கள். பாலைவனம் போகிறோமல்லவா. அடுத்தது ஒரு கூடை சப்பட்டை மாம்பழம். ராஜபாளையத்துச் சப்பட்டையைக் கையில் வைத்துக்கொண்டு யாரிடமும் பேச்சுக் கொடுக்கலாம் என்பது அவர் கொள்கை.

ஸ்ரீவில்லிபுத்தூர், சிவகாசி

ஸ்ரீவில்லிபுத்தூரில் நின்றது பால்கோவாவுக்காக மட்டும். 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய பிறகு ஊரில் பால்கோவாக் கடைகள் பெருகிவிட்டன. விறகடுப்பில் கிண்டுகிற கடைக்கும் மற்றதற்கும் உள்ள வித்தியாசம் நாக்குக்குத் தெரியும். அரசு முத்திரையில் இருக்கிற கோபுரம் பின்னால் சிறுத்துக்கொண்டே வர, கிழக்கே திரும்பியதும் பச்சை விட்டுப்போகிறது. மெல்ல மெல்ல அல்ல. ஒரு தென்னந்தோப்பு முடிகிறது, அடுத்த வயலில் ஒன்றுமில்லை.

சிவகாசியை மழை கைவிட்டதால் வளர்ந்த ஊர் என்று சொல்லலாம். தீக்குச்சிக்கும் வெடிக்கும் வேண்டியது காய்கிற வெயில். 1920களின் தொடக்கத்தில் சண்முக நாடாரும் அய்ய நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்த கதை இங்கே எல்லோருக்கும் மனப்பாடம். ஆனால் எனக்கு முக்கியம் அதற்கும் முந்திய கதை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தேரிக்காட்டுப் பனைகளை நம்பிப் பிழைத்த நாடார்களில் ஒரு பகுதியினர் கருப்பட்டியும் கருவாடும் உப்பும் ஏற்றிய மாட்டு வண்டிகளோடு வடக்கே வந்தார்கள். ராமநாதபுரச் சீமையில் சிவகாசி, விருதுநகர், சாத்தூர், அருப்புக்கோட்டை, பாளையம்பட்டி, திருமங்கலம் என்ற ஆறு ஊர்களில் தங்கினார்கள். வழியில் வண்டி ஒரு பொழுதில் போகும் தூரத்துக்கு ஒன்றாகப் பேட்டைகள் கட்டிக்கொண்டார்கள். கொள்ளையருக்குப் பயந்து மதில் வைத்த பேட்டை. உள்ளே கிணறு, மாட்டுக்குத் தொட்டி, சரக்கு வைக்க இடம். சரக்கு மூட்டைக்கு இவ்வளவு என்று வாங்கிய மகமைப் பணத்தில் பேட்டை நடந்தது. பின்னால் கோயிலும் பள்ளிக்கூடமும் நடந்தன. விருதுநகரில் 1889இல் தொடங்கிய சத்திரிய வித்தியாசாலை மகமையில் பிறந்ததுதான்.

எங்கள் ஆட்களும் அப்படி வந்தவர்கள்தான் என்று பெரியப்பா சொல்வார். எந்தத் தலைமுறையில் என்று கேட்டால் கோபப்படுவார். ஆக, நாங்கள் போனது சுற்றுலா வழி என்று தம்பி நினைத்துக்கொண்டிருந்தாலும், அது கருப்பட்டி வண்டி வந்த தடம். நாங்கள் அதில் எதிர்த்திசையில் போய்க்கொண்டிருந்தோம்.

இருக்கன்குடி

சாத்தூரில் காராச்சேவு வாங்காமல் யாரும் போவதில்லை, நாங்களும் வாங்கினோம். அங்கிருந்து சற்று விலகி இருக்கன்குடிக்குப் போனதற்குக் காரணம் மாரியம்மன் மட்டுமல்ல. எங்கள் ஊர் மலையில் பிறக்கிற அர்ச்சுனா நதி வைப்பாற்றோடு சேருவது இங்கேதான். பிறந்த இடத்தில் பார்த்துப் பழகிய ஆற்றை வாழ்க்கைப்பட்ட இடத்தில் போய்ப் பார்க்கிற ஆசை.

ஆறு இல்லை. அகலமான மணல், மணலின் இரு கரையும் சீமைக்கருவேலம், நடுவில் ஆடுகள் நடந்த தடம். ஆடிக் கடைசி வெள்ளிக்கு இன்னும் நாள் இருந்தும், நேர்ச்சைக்கு வந்த குடும்பங்கள் மணலில் கல் கூட்டிப் பொங்கல் வைத்துக்கொண்டிருந்தார்கள். தலையில் முக்காடிட்டு வேப்பிலை விற்ற அம்மாவிடம், "ஆத்துல தண்ணி எப்பம்மா வரும்?" என்று கேட்டேன்.

"ஐப்பசி கார்த்திகையில மேக்க பேஞ்சா வரும். நீங்க எந்தூரு?"

"வத்திராப்பு."

"அப்ப நீங்கதான அடைச்சு வச்சிருக்கீக" என்றார் சிரிக்காமல்.

மாப்பிள்ளை கூடையிலிருந்து நாலு மாம்பழம் எடுத்துக் கொடுத்தார். அதற்கு மேல் எங்களிடம் பதில் இல்லை. அணைக்கு முந்தியும் இது மழைக்காலத்து ஆறுதான் என்று வண்டியில் தம்பி வாதாடினான். உண்மைதான். ஆனால் மேலே இருப்பவன் பேசுகிற உண்மை, கீழே நிற்பவரிடம் எடுபடாது.

இடைசெவல்

கோவில்பட்டியைத் தாண்டிவிட்டால் கரிசல் தன் முழு உருவத்தில் தெரிகிறது. புரட்டாசியில் விழப்போகிற முதல் மழைக்காக உழுதுபோட்டுக் காத்திருக்கிற மண். கறுப்பு, மேலும் கறுப்பு, தொலைவில் ஒரு ஒற்றை வேப்பமரம். சில இடங்களில் கை நுழைகிற அளவு வெடிப்பு. பச்சை என்பதே சீமைக்கருவேலம்தான். மழை விழுந்த பிறகு இதே நிலம் கம்பும் சோளமும் உளுந்தும் பருத்தியும் மிளகாயுமாக மாறிவிடும் என்பதை ஆனியில் நம்புவதற்குப் பழக்கம் வேண்டும்.

நெல்லைச் சாலையில் இருக்கிற இடைசெவல் என்ற இந்தச் சின்ன ஊரிலிருந்து கு.அழகிரிசாமியும் கி.ராஜநாராயணனும் வந்தார்கள். ஒரே ஊர், ஒரே காலம், கூடவே விளையாடிய இரண்டு பேர். இருவருக்கும் சாகித்திய அகாதெமி விருது. 'இங்கே தண்ணியிலே என்ன இருக்கு?' என்று கேட்பார்கள். தண்ணீரே இல்லாததுதான் காரணம் என்பது என் கட்சி. கரிசலில் கிணறு வெட்டினால் பெரும்பாலும் உப்புதான் ஊறும். மழைநீர் தேங்குகிற ஊருணிதான் குடிதண்ணீர். அது வற்றினால் குடத்தோடு மைல் கணக்கில் நடை. அப்படிக் காத்திருந்த ஜனங்களுக்குக் கதை சொல்லத் தெரியாமல் போனால்தான் அதிசயம். இன்றைக்கும் கோவில்பட்டிக்குக் குடிநீர் தாமிரபரணியிலிருந்து, சீவலப்பேரியிலிருந்து குழாயில் வருகிறது.

ரோட்டோரத்தில் ஒருவர் கிடை மடக்கிக்கொண்டிருந்தார். நூற்றுக்கு மேல் செம்மறி. உழுத காட்டில் இரவில் ஆடு படுத்தால் அந்தப் புழுக்கையும் மூத்திரமும் அடுத்த வெள்ளாமைக்கு உரம். காட்டுக்காரர் கிடைக்குக் கூலி கொடுப்பார். வண்டி நின்றதைப் பார்த்து அவரே வந்தார்.

"அய்யா, குடிக்கத் தண்ணி கெடக்கா?"

கேனைச் சாய்த்தோம். இரண்டு சொம்பு குடித்துவிட்டு, தன் தூக்குவாளியையும் நிரப்பிக்கொண்டார். அதில் காலையில் குடித்த கம்மங்கூழின் மிச்சம் ஒட்டியிருந்தது. கண்மாயில் தண்ணீர் கிடக்கவில்லையா என்று கேட்டதற்கு, "கம்மாய் எங்க இருக்கு? கருவேலந்தான் இருக்கு" என்றார். எங்கே போகிறோம் என்று விசாரித்தவருக்குத் தேரிக்கு என்று சொன்னதும் ஆச்சரியம்.

"அங்கயா? அங்க தண்ணி நல்லாருக்குமே. நான் சின்னப் பிள்ளையில ஆட்ட ஓட்டிக்கிட்டுப் போயிருக்கேன். கையால தோண்டுனா ஊறும்."

பாலைவனத்துக்கு எடுத்துப்போன தண்ணீரில் முக்கால் பங்கு அந்தக் கிடையிலேயே தீர்ந்தது.

தம்பி அப்போதுதான் கணக்குப் பார்க்கத் தொடங்கினான். ஆண்டுக்கு 250 மில்லிமீட்டருக்கும் குறைவாக மழை பெய்தால் அது பாலைவனம் என்பது பொதுவான அளவுகோல். அவன் போய்வந்த ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்கு 300 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. நாங்கள் போய்க்கொண்டிருந்த தூத்துக்குடி மாவட்டத்துக்கு ஏறக்குறைய 650. கணக்குப்படி தேரி பாலைவனமே இல்லை. "அப்ப எதுக்குண்ணே போறோம்?" என்றான். போய்ப் பார்த்துவிட்டுப் பேசலாம் என்றேன்.

ஸ்ரீவைகுண்டம்

கயத்தாறில் கட்டபொம்மன் 1799 அக்டோபர் 16 அன்று தூக்கிலிடப்பட்ட இடத்தையும், ஆனிக் காற்றில் வெறிபிடித்துச் சுற்றிய காற்றாலைகளையும், நெல்லையின் நெரிசலையும் விட்டுவிடுகிறேன். ஸ்ரீவைகுண்டம் பாலத்தில் தாமிரபரணியைப் பார்த்ததும் எங்கள் மூவருக்கும் பேச்சு நின்றது; காலையிலிருந்து பார்த்த முதல் ஓடுகிற தண்ணீர். கடலுக்கு முன் இந்த ஆற்றின் கடைசி அணைக்கட்டு இங்கேதான். அதைத் தாண்டி வாழை, வாழை, வாழை. ஒரு டீக்கடையில் ஏத்தம்பழ பஜ்ஜி. கடைக்காரரிடம் தேரி எவ்வளவு தூரம் என்று கேட்டதற்கு, "இந்தா, வாழ முடிஞ்சா தேரி" என்று கையைத் தெற்கே நீட்டினார்.

குதிரைமொழித் தேரி

அவர் சொன்னது வழி சொல்வதற்காக அல்ல, நிலவியலே அதுதான். வாழை முடிந்தது. பனை தொடங்கியது. பனைகளுக்கு நடுவே தரை சிவந்துகொண்டே போய், காயாமொழியைத் தாண்டியதும் ரோட்டின் இரு பக்கமும் ரத்தச் சிவப்பில் மேடு எழுந்தது. தினத்தந்தியை 1942இல் தொடங்கிய சி.பா.ஆதித்தனார் பிறந்த ஊர் காயாமொழி. கருப்பட்டி வண்டி போன தடத்தில் பிறகு செய்தித்தாளும் போயிருக்கிறது.

தேரிக்குடியிருப்பில் கற்குவேல் அய்யனார். மேலப்புதுக்குடியில் அருஞ்சுனை காத்த அய்யனார். பங்குனி உத்திரத்தில் திருவிழாக் கடைகளும் வேன்களும் மொய்க்கிற இரண்டு இடமும் ஆனியில் வெறிச்சென்றிருந்தன. கற்குவேல் அய்யனார் கோயிலில் கார்த்திகைக் கடைசியில் கள்ளர் வெட்டு நடக்கும். கள்ளருக்குப் பதிலாக இளநீரைத் தேரி மணலில் வைத்து வெட்டுவார்கள். அந்த இளநீர் சிந்திய மணலை அள்ள ஆயிரக்கணக்கானவர்கள் பாய்வார்கள். வீட்டில் வைத்தால் செல்வம் தங்கும், வயலில் தூவினால் விளையும் என்று நம்பிக்கை. எங்கள் வீட்டுப் பூஜையறையிலும் மஞ்சள் துணியில் ஒரு முடிச்சு இருக்கிறது.

மணலுக்குள் கால் வைத்தோம். முதலில் தெரிவது சூடு அல்ல, காற்று. தென்மேற்கிலிருந்து இடைவிடாமல் ஒரே தினுசாக அடிக்கிறது. முழங்கால் உயரத்துக்கு மணல் ஒரு சிவப்புப் புகையாகத் தரையோடு தரையாக ஓடுகிறது. பேசினால் பல்லில் நறநறக்கும். மேட்டின் மேல் வரிவரியாக அலை; நாங்கள் மிதித்த தடம் சற்று நேரத்தில் தூர்ந்துபோயிற்று. பாதி உடம்பு புதைந்த பனை ஒரு பக்கம். மணல் ஓடி வேர் முழுக்க வெளியே தெரிய நிற்கிற பனை இன்னொரு பக்கம். குடை விரித்த மாதிரி தட்டையாகப் படர்ந்த உடைமரம், வனத்துறை போட்ட முந்திரி, அதன் நிழலில் மயில்கள். மாப்பிள்ளையின் வெள்ளை வேட்டி அரை மணி நேரத்தில் காவியாகிவிட்டது. ஊருக்கு வந்து மூன்று தடவை வெளுத்தும் போகவில்லை.

இந்தச் சிவப்பு இரும்பு. ஒவ்வொரு மணல் துகளின் மேலும் இரும்பு ஆக்சைடு மெல்லிய பூச்சாக ஏறியிருக்கிறது. ஆஸ்திரேலியாவின் நடுப்பகுதி சிவந்ததும் இதே காரணத்தால்தான். மணல் வந்த கதை இன்னும் சுவாரசியம். கடல் பின்வாங்கியபோது விட்டுப்போனது என்று ஒரு கட்சி. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகப் பீறிட்டு வரும் தென்மேற்குக் காற்று, மலையடிவாரச் செம்மண் சமவெளியிலிருந்து ஆண்டாண்டாக அள்ளிவந்து கொட்டியது என்று இன்னொரு கட்சி. அந்தக் காற்றில் நின்றவனுக்கு இரண்டாவது கட்சியில் சேரத்தான் தோன்றும். அப்படியானால் இதுவும் மேற்குத் தொடர்ச்சி மலையின் மண். எங்களுக்குத் தண்ணீராக வந்த மலை இவர்களுக்கு மணலாக வந்திருக்கிறது.

மனிதர்கள் இங்கே வந்தது நேற்றைக்கு அல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் இந்தத் தேரிகளில் கல்கருவிகளைக் கண்டார். 1956இல் தொல்லியல் ஆய்வாளர்கள் சாய்னரும் ஆல்ச்சினும் அன்றைய திருநெல்வேலி மாவட்டத்துத் தேரிகளின் நுண்கற்கருவிகளைப் பற்றி விரிவாக எழுதினார்கள். விரல் நகத்தளவு குவார்ட்சுக் கத்திகளும் அம்புமுனைகளும். வேட்டையும் மீனுமாக வாழ்ந்தவர்கள் செதுக்கியவை. காற்று மணலை ஒதுக்குகிற இடத்தில் இன்றும் அவை வெளியே தெரியலாம். கண்ணில் பட்டால் பார்த்துவிட்டு அங்கேயே விட்டுவிடுங்கள். இருக்கிற இடம் மாறினால் அது வெறும் கல்.

வெயில் தாங்காமல் அருஞ்சுனைக்குப் போனோம். சுற்றிலும் செம்மணல் மேடு, நடுவில் மரங்கள் அடர்ந்த பள்ளம், அங்கே சுனை. இத்தனை தடவை வந்து இதில் கால் கழுவியிருக்கிறேன். மணலைச் சுற்றிவிட்டு வந்து பார்த்தால்தான் இந்தத் தண்ணீரின் அருமை உறைக்கிறது. தேரியில் ஆறு இல்லை, ஓடை இல்லை. பெய்கிற மழையில் ஒரு சொட்டும் மேலே ஓடாமல் மணல் குடித்துவிடுகிறது. அடியில் இறுகிய படுகையில் தங்கி, பள்ளம் கண்ட இடத்தில் சுனையாகவும், மழைக்காலத்தில் தருவை என்கிற குளமாகவும் வெளிவருகிறது. சாத்தான்குளம் பக்கத்து வைரவம் தருவை, புத்தன் தருவை இரண்டும் அப்படித் தேங்குபவைதான். கிடைக்காரர் சொன்னது சரி. பாலைவனம் என்று நாங்கள் தேடிவந்த இடத்தில் கோயில் கிணற்றுத் தண்ணீர் கற்கண்டாக இருந்தது. காலி கேன்களை மாப்பிள்ளை அங்கே நிரப்பிக்கொண்டார்.

குறிஞ்சியும் முல்லையும் முறை திரிந்து பாலையாகும் என்று பள்ளிக்கூடத்தில் சிலப்பதிகாரத்தை வைத்துப் படித்திருக்கிறோம். மழை பொய்த்து, காடு கெட்டு வருகிற நிலை அது. அந்தக் கணக்கில் நாங்கள் அன்று கடந்துவந்த பாலை, இருக்கன்குடி ஆற்றுமணலும் கருவேலம் அடைத்த கண்மாய்களும்தான். தேரி முறை திரியவே இல்லை. அது இப்படித்தான் இருக்க வேண்டும்.

உடன்குடி

மெய்ஞ்ஞானபுரத்துத் தேவாலயக் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டே உடன்குடிப் பக்கம் போகையில் பனங்காட்டுக்குள் புகை தெரிந்தது. விடிலி. பதநீர் காய்ச்சுகிற ஓலைக் குடிசை. வாசலில் அறுபதைத் தாண்டிய பனையேறி ஒருவர் பாளை அரிவாளைத் தீட்டிக்கொண்டிருந்தார். மார்பில் நெஞ்சுப்பட்டை உரசிய தழும்பு, காலில் காய்ப்பு.

"வாங்க தம்பி. எங்கேருந்து வாறிய?"

வத்திராயிருப்பு என்றதும் அவருக்குச் சதுரகிரி ஞாபகம் வந்தது. ஒரு ஆடி அமாவாசைக்கு ஏறியிருக்கிறாராம். "எங்களுக்கு ஏறுறது பழக்கந்தான. ஆனா அது சீக்கிரம் முடிய மாட்டேங்கு" என்றார். அவர் மனைவி உள்ளிருந்து, "பேசிக்கிட்டே இருக்கிய, பிள்ளையளுக்குப் பயினி குடுங்க" என்றார். குருத்தோலையைக் கிழித்துப் பட்டை பிடித்துத் தந்தார்கள். இரண்டு கையாலும் ஏந்திக் குடிக்க வேண்டும். பதநீரின் இனிப்பில் ஓலையின் வாசமும் சுண்ணாம்பின் லேசான உறைப்பும் கலந்திருந்தன. கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் பதநீர். தடவாவிட்டால் கள், அதற்குத் தமிழ்நாட்டில் தடை. சட்டத்துக்கும் குற்றத்துக்கும் நடுவே ஒரு விரல் சுண்ணாம்பு.

காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை ஒவ்வொரு மரமும் ஏறி, பாளையை மெல்லிசாகச் சீவிவிட்டு இறங்க வேண்டும். ஒரு நாள் சீவாவிட்டால் பாளை அடைத்துக்கொள்ளும். தை, மாசியில் தொடங்கினால் ஆடி வரை ஓய்வு கிடையாது. இறக்கியதை அந்த அம்மா காய்ச்சுகிறார். காவோலையும் முள்விறகும் எரிய, பதநீர் மணிக்கணக்கில் கொதிக்கிறது. பொங்கி வழியப் பார்க்கும்போது தட்டிய ஆமணக்கு முத்தை ஒரு சிட்டிகை போட்டார், பொங்கியது படிந்துவிட்டது. பதம் வந்ததும் வரிசையாக வைத்த சிரட்டைகளில் ஊற்றினார். பதநீர் இறக்குவது ஆண் வேலை என்றுதான் ஊரெல்லாம் பேச்சு. அந்த விடிலிக்குள் ஆனி வெயிலில், அடுப்பின் முன் அரை நாள் நின்றால்தான் கருப்பட்டியில் பாதி யாருடையது என்பது தெரியும்.

"பனைக்குத் தண்ணி பாய்ச்சணுமா அண்ணாச்சி?" என்று தம்பி கேட்டான்.

"யாரு பாய்ச்சுறா? மண்ணு குடிக்கும், பனை மண்ணக் குடிக்கும்."

அவர் மகன்கள் இருவரும் சென்னையில் மளிகைக் கடையில் இருக்கிறார்கள். ஏற ஆளில்லாமல் நிற்கிற மரங்களைக் கையால் காட்டிக்கொண்டே போனார். உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்ததை அவரிடம் சொன்னேன். "அதக் குடுத்தா சீனி போடுறவன் நிப்பாட்டுவானா?" என்று கேட்டார். பதநீர் விலை ஏற ஏற, சர்க்கரைப் பாகைக் கலந்து ஊற்றுகிறவர்கள் பெருகிவிட்டது அவருடைய பெரிய வருத்தம். கருப்பட்டிக்குக் காசு வாங்கிக்கொண்டார். பதநீருக்கு வாங்க மறுத்துவிட்டார். கடைசி மாம்பழங்கள் அங்கே இறங்கின.

திருச்செந்தூர்

முருகனைக் கும்பிட்டுவிட்டு நாழிக்கிணற்றுப் படிகளில் இறங்கிக் குளித்தோம். கடல் அலை கேட்கிற தூரத்தில் உப்பில்லாத நீர். கருப்பட்டி போட்ட சுக்குக்காப்பி விற்ற பையனிடம் தேரியைப் பற்றிக் கேட்டதற்கு, "சினிமாக்காரங்க வருவாங்க, கார்ல வந்து மேட்டுல ஏத்தி வீடியோ எடுப்பாங்க" என்றான். நாங்களும் தேரியில் சக்கரத் தடங்களைப் பார்த்திருந்தோம். முளைவிட்டிருந்த செடிகளின் மேல் அவை போயிருந்தன.

தேரிக்கு வெளியிலிருந்து வருகிற கண்கள் புதியவை அல்ல. இந்த மணலில் இல்மனைட் உண்டு. அதிலிருந்து டைட்டானியம் டை ஆக்சைடு, அதாவது வெள்ளைப் பெயின்டின் வெண்மை. சாத்தான்குளம், திருச்செந்தூர் வட்டாரத்தில் டாடா நிறுவனம் திட்டமிட்ட டைட்டானியம் ஆலைக்கு 2007இல் எழுந்த எதிர்ப்பில் அந்தத் திட்டம் நின்றுபோயிற்று. குலசேகரன்பட்டினத்தில் இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். ராக்கெட் வரட்டும், நல்லதுதான். ஆனால் தேரியை வெறும் மணல்மேடு, எதற்கும் உதவாத தரிசு என்று பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அந்த மேட்டை அள்ளினால் போவது மணல் மட்டுமல்ல. அதைச் சுற்றியிருக்கிற ஊர்களின் கிணறும், பனையும், அய்யனாரின் சுனையும்.

தம்பி மெல்போர்னுக்குத் திரும்பும்போது நாலு கிலோ கருப்பட்டி கொண்டுபோனான். அவனைப் போல நீங்களும் போவதாக இருந்தால், காற்றுக்கு ஆனி, தருவையில் தண்ணீர் பார்க்க மார்கழி. காலை எட்டு மணிக்குள் மணலை விட்டு இறங்கிவிடுங்கள். வண்டியை மேட்டில் ஏற்றாதீர்கள். கருப்பட்டியை ரோட்டுக்கடையில் வாங்காமல் புகை தெரிகிற விடிலியில் நின்று வாங்குங்கள். சீனி கலந்ததா என்று கேளுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டார்கள். தண்ணீர் கேனைத் தேரிக்காக அல்ல, வழியில் கரிசலில் கேட்கிறவருக்காக நிரப்பி எடுத்துக்கொண்டு போங்கள்.